பழைய டிராக்டரின் பின் ஆக்ஸில் ஆடுகிறதா? ஷிம்மைக் கூட்டாதீர்கள், அளந்து பாருங்கள்

மேடவாக்கம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். இன்று வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி வீடுகள். ஆனால் கூட்ரோட்டிலிருந்து தெற்கே திரும்பி, சித்தாலப்பாக்கம், பொன்மார் வழியாக மாம்பாக்கம் போய், அதற்கும் அப்பால் திருப்போரூர் வட்டாரத்துக்குள் நுழைந்தால் சம்பாவும் நவரையும் நடுகிற சிறு விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். புது டிராக்டர் வாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று கை மாறிய பழைய வண்டியை வாங்கி ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு உதிரி பாகம் தேடி வருகிறவர்கள் மேடவாக்கத்தைத் தாண்டித்தான் பட்டணம் போக வேண்டும்.

என்ஜினில் கோளாறு என்றால் பாகம் கிடைத்துவிடும். பம்பு, நாசில், பிஸ்டன் எல்லாம் கடையில் தொங்குகின்றன. அலைய வைப்பது சின்னச் சின்ன சாமான்கள்தான். அவற்றுள் ஒன்று பின் ஆக்ஸிலுக்குப் போடும் ஷிம். செல்போனுக்குப் போடுகிற சிம் அல்ல. இது தாளைப் போல மெல்லிய தகட்டு வளையம்.  இது சரியில்லாததால் பேரிங் போய், ஆயில் சீல் போய், பிரேக்கும் போய், நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது டிராக்டர் கொட்டகையில் நிற்கும்.

ஷிம் என்ன வேலை செய்கிறது?

சென்னை செம்பியத்தில் தொழிற்சாலை உள்ள டாஃபே நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது. அதன் மாஸ்ஸி பெர்குசன் 1035 டிராக்டரைத் தெரியாத விவசாயி தமிழ்நாட்டில் குறைவு. அதற்கு மூதாதை, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் செய்யப்பட்ட சிறிய சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர். அந்த வம்சத்துப் பழைய வண்டிகளில் பின் ஆக்ஸிலின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் கிரௌன் வீல் இருக்கும் பெட்டி. அதன் இரு பக்கமும் தாரை வாத்தியத்தின் வாயைப் போல விரிந்த ஹவுசிங். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு ஷாப்ட். ஷாப்டின் வெளி முனையில் சக்கரம் மாட்டும் தட்டு. அதற்குச் சற்று உள்ளே கூம்பு உருளை பேரிங். பிரேக் ஷூக்களைத் தாங்கும் இரும்புத் தட்டு இந்தப் பேரிங்கை வெளியே நழுவாமல் பிடித்து, ஹவுசிங்கின் முகத்தோடு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தட்டுக்கும் ஹவுசிங் முகத்துக்கும் நடுவில்தான் ஷிம் இருக்கிறது. எத்தனை ஷிம் என்பதைப் பொறுத்து ஷாப்ட் உள்ளும் வெளியும் நகரும் அளவு மாறும். கூம்பு உருளை பேரிங்குக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் சூடேறிக் கெட்டுவிடும். அதிகம் ஆடினால் ஷாப்ட் முன்னும் பின்னும் இடித்து ஆயில் சீலைக் கிழிக்கும்.

எவ்வளவு ஆட்டம் சரி? இந்த வகைப் பழைய டிராக்டர்களுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 2 முதல் 8 பங்கு, அதாவது 0.05 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.10 மில்லிமீட்டர். ஆக, அரைத் தாள் தடிமனிலிருந்து இரண்டு தாள் தடிமன் வரைதான் இடம். இதைக் கண்ணால் பார்த்தோ, கையால் தடவியோ சொல்ல எவராலும் முடியாது. வண்டியின் நம்பர் தகட்டைப் பார்த்து, அந்த மாடலுக்குரிய புத்தகத்தில் உள்ள அளவை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மாடலுக்கு மாடல் மாறுவதுண்டு.

ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது

பின் டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்த கோடு தெரிகிறதா? ஒரு பக்க பிரேக் மட்டும் பிடிக்காமல் வழுக்குகிறதா? வண்டியைத் திருப்பும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. டிராக்டரில் இடது வலது பிரேக் தனித்தனி. ஒரு பக்க லைனிங்கில் எண்ணெய் ஏறிவிட்டால், இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்து மிதித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வயலில் இது தொந்தரவு. டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலையில் வரும்போது உயிருக்கே ஆபத்து.

சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இரு பக்கமும் பிடித்து நேராக உள்ளே தள்ளி வெளியே இழுக்க வேண்டும். மேல் கீழாக ஆடினால் முதலில் சக்கரப் போல்ட்டைப் பார்க்கவும். அது இறுக்கமாக இருந்தும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். உள்ளும் வெளியும் மட்டும் போய் வந்தால் அது ஷிம் கணக்கு.

தூக்குவதிலும் ஒரு விஷயம். டிராக்டரின் முன் ஆக்ஸில் நடுவில் ஒரு பின்னில் ஊசலாடும்படி அமைந்தது. பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றியதும் உடம்பு பக்கவாட்டில் சாயும். முன் ஆக்ஸிலுக்கும் அதன் மேல் உள்ள தாங்கிக்கும் இடையில் இரு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்த பிறகே தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக் கூடாது. கனமான கட்டை அடுக்கி ஹவுசிங்கைத் தாங்க வைக்க வேண்டும். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தைக் கழற்ற இரண்டு ஆள் போதாது.

கழற்ற வேண்டிய பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக உயர்த்தினால் எண்ணெய் மறு பக்கம் போய்த் தங்கும். பெட்டி முழுவதையும் வடிக்க வேண்டியிருக்காது. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் அதே எண்ணெய்தான் என்பதால் இது சிறு மிச்சம் அல்ல.

கூட்டினால் ஆட்டம் கூடும்

பட்டறையில் வழக்கமாக நடப்பது இது. "அண்ணே, ஆட்டம் இருக்கு. ரெண்டு ஷிம் சேர்த்துப் போட்டா இறுகிடும்" என்று பையன் சொல்வான். சொந்தக்காரரும் தலையாட்டுவார். கதவுக் கீலில் ஆட்டம் இருந்தால் அட்டை வைத்து அடைக்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம்.

இங்கே அது தலைகீழ். ஷிம் பேரிங்குக்கு அடியில் இல்லை. பேரிங்கை மூடும் தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் இருக்கிறது. சட்டியின் மேல் மூடியை நினைத்துப் பார்க்கலாம். மூடிக்கும் சட்டியின் விளிம்புக்கும் நடுவில் துணி வைத்தால் மூடி மேலே எழும்பும். உள்ளே இருப்பதற்கு இடம் கூடும். அதேபோல ஷிம்மைக் கூட்டினால் தட்டு வெளியே தள்ளி நிற்கும், பேரிங்குக்கு இடம் கூடும், ஆட்டமும் கூடும். குறைத்தால்தான் இறுகும். இதை மாற்றிச் செய்துவிட்டு, புது சீல் ஒரே மாதத்தில் ஒழுகுகிறது என்று சீல் கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். டயல் கேஜ் வைத்து அளந்ததில் ஆட்டம் 0.45 மில்லிமீட்டர் வருகிறது. நமக்கு வேண்டியது சுமார் 0.12. மிச்சம் 0.33 குறைய வேண்டும். கழற்றிய கட்டில் 0.25 ஷிம் ஒன்றும் 0.10 ஷிம் ஒன்றும் எடுத்துவிட்டால் 0.35 குறையும், 0.10 நிற்கும். அது போதும். எடுக்க ஷிம்மே இல்லை என்றால் பேரிங்கோ அது உட்காரும் இடமோ தேய்ந்துவிட்டது. பேரிங் மாற்றாமல் வேறு வழியில்லை. பேரிங்கை ஷாப்டில் ஒரு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முயன்று ஷாப்டைக் கெடுத்தவர்கள் உண்டு. பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும்.

இந்த வண்டிகளில் இரண்டு ஷாப்டுகளும் நடுவில் ஒன்றையொன்று முட்டும்படி இருப்பதால், ஆட்டத்தை இரு பக்கமும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் சரி செய்தேன் என்பது பாதிச் சொல்.

ஷிம் தொலைந்துவிட்டால்

பழைய வண்டிகளில் இதுதான் பெரும்பாலான சிக்கல். முன்பு எப்போதோ கழற்றியவர் ஷிம்மைத் தொலைத்துவிட்டு, அதற்குப் பதில் அட்டை பேக்கிங் வெட்டிப் போட்டு, மேலே பசையைத் தடவி மூடியிருப்பார். எத்தனை தடிமன் இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அப்போதும் கண்டுபிடிக்க வழி உண்டு.

மறு பக்கத்தை அதன் ஷிம்மோடு முழுதாக இறுக்கிவிட வேண்டும். கழற்றிய பக்கத்தில் பழைய பசை, அட்டை எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்துவிட்டு, ஷிம் எதுவும் இல்லாமல் ஷாப்டையும் தட்டையும் மாட்ட வேண்டும். போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டே ஷாப்டைக் கையால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். உள்-வெளி ஆட்டம் போய், ஆனால் ஷாப்ட் இன்னும் லேசாகச் சுற்றும் நிலை ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட்டு, தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியை பில்லர் கேஜ் விட்டு நாலு இடத்தில் அளக்க வேண்டும். நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடவும் மறு பக்கம் குறையவும் இருந்தால் தட்டு கோணலாக நிற்கிறது. போல்ட்டைத் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டும்.

இடைவெளி 0.30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேண்டிய ஆட்டம் 0.12. இரண்டையும் கூட்டினால் 0.42. 0.25, 0.10, 0.05 ஆகிய மூன்று ஷிம் சேர்த்தால் 0.40 ஆகிறது. அதைப் போட்டு முழுதாக இறுக்கினால் ஆட்டம் 0.10 அளவில் நிற்கும். பில்லர் கேஜும் மைக்ரோமீட்டரும் எல்லா லேத் பட்டறையிலும் உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர் பில்லர் கேஜ் ஒன்றாவது சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. வால்வு இடைவெளி பார்க்கவும் அதுதான் உதவும்.

எங்கே கிடைக்கும்?

டீலரிடம் பாக எண் சொல்லிக் கேட்பது முதல் வழி. எண் தெரியாமல் 'ஆக்ஸில் ஷிம்' என்று மட்டும் கேட்டால் வேறு மாடலுக்கானதைக் கொடுத்துவிடலாம். போல்ட் துளைகள் பொருந்தாது. கையில் பழைய ஷிம் ஒன்றையும் வண்டியின் நம்பரையும் எடுத்துப்போக வேண்டும். டீலரிடம் இல்லாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் மோட்டார் உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர்போன புதுப்பேட்டையிலும் தேடலாம். பழைய ஷிம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் துரு ஏறியதும், மடங்கியதும், சுத்தியலால் தட்டி நிமிர்த்தியதும் வேண்டாம். மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில் அளந்து, மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் காசு கொடுக்கலாம்.

இதற்காக ஒரு நாளைக்கு மேல் அலைவது வீண். வெட்டிக்கொள்வதே சுலபம்.

சொந்தமாக வெட்டுவது எப்படி?

பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் 'ஷிம் தகடு' என்று கேட்டால் பித்தளையிலும் எஃகிலும் அளவு குறித்த தகடு கிடைக்கும். கத்தரியால் வெட்டுவதற்குப் பித்தளை சுலபம். அளவு எழுதியிருக்கிறதே என்று விடாமல் மைக்ரோமீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கெட்டித் தாளிலோ பழைய எக்ஸ்-ரே பிலிமிலோ மாதிரி எடுக்க வேண்டும். கழற்றிய தட்டையே மேலே வைத்துத் துளைகளையும் வெளி விளிம்பையும் வரைந்துகொள்ளலாம். உள் வட்டத்தை மட்டும் ஹவுசிங்கின் முகத்தைப் பார்த்து வரைய வேண்டும். முக்கியமான இடம் இது. பேரிங்கின் வெளி வளையம் உட்காரும் குழிக்குள் ஷிம்மின் விளிம்பு துளியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் தட்டு எழும்பும் அளவுக்கு அதுவே உள்ளேயும் அடைத்துவிடும்; எத்தனை ஷிம் போட்டாலும் ஆட்டம் மாறாது. நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிப் பார்த்துவிட்டுக் காரணம் புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மெல்லிய தகட்டில் நேராகத் துளை போட்டால் கிழியும். இரண்டு சமமான பலகைக்கு நடுவில் தகட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு, பலகையோடு சேர்த்துத் துளைக்க வேண்டும். துளைகளை முதலில் போட்டுவிட்டு, பிறகே உள் வட்டமும் வெளி வட்டமும் வெட்ட வேண்டும். துளை போல்ட்டை விடச் சிறிது பெரிதாக இருக்கலாம். வெட்டி முடித்ததும் எல்லா ஓரத்திலும் பிசிறு நிற்கும். கண்ணாடித் துண்டின் மேல் நயமான உப்புத்தாளை விரித்து, ஷிம்மைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தால் பிசிறு போய்விடும். 0.05 மில்லிமீட்டர் பிசிறு இருந்தாலே ஒரு மெல்லிய ஷிம் கூடுதலாகப் போட்டதற்குச் சமம்.

இரண்டு அரை வட்டமாக வெட்டிச் சேர்த்துப் போடுவதும் உண்டு. ஷாப்டைக் கழற்றாமலே செருகிவிடலாம் என்பதற்காகச் செய்வது. இணைப்பில் எண்ணெய் கசியும். சேறடிக்கும்போது தண்ணீர் உள்ளே போகும். முழு வளையம்தான் சரி.

ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தால் சேர்ந்து லேசர் வெட்டும் பட்டறையில் கொடுக்கலாம். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் இந்த வேலை நடக்கிறது. மாதிரியைக் கொடுத்து, மூன்று தடிமனில் ஆளுக்கு இரண்டு செட் வெட்டி வைத்துக்கொண்டால் அடுத்த முறை அலைய வேண்டாம்.

எதைப் போடக் கூடாது?

குளிர்பான டப்பாவின் பக்கத் தகடு சுமார் 0.10 மில்லிமீட்டர் இருக்கும். அளவு பொருத்தமாக இருப்பதால் பலர் அதை வெட்டுகிறார்கள். அதன் மேல் உள்ள பெயின்ட் பூச்சு இறுக்கத்தில் நசுங்கி, போல்ட் தளரும். நடவு நேரத்தில் இரண்டு நாளைத் தள்ள அது பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு ஆகாது. பிஸ்கட் டின் தகடு அதைவிடத் தேவலை. ஆனால் இடத்துக்கு இடம் நெளிந்திருக்கும். அட்டையும் கார்க்கும் கூடவே கூடாது. எண்ணெயில் ஊறி நசுங்கினால், இன்று அளந்த ஆட்டம் அடுத்த வாரம் இருக்காது. கசிவுக்குப் பயந்து சிலிகான் பசையைத் தடிமனாகப் பூசுவதும் அதே கணக்கைக் கெடுக்கும். ஒரு படலம் போதும். வெளியே பிதுங்கினால் பார்க்க அசிங்கம்தான். உள்ளே பிதுங்கினால் பிய்ந்து ஹைட்ராலிக் வடிகட்டியில் போய் அடைக்கும்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

மகிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வகைப் பழைய ஜீப்பை இன்றும் காய்கறி ஏற்ற வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் பின் ஆக்ஸிலிலும் ஷிம் பிரேக் தட்டுக்கு உள்பக்கம்தான். கூட்டினால் ஆட்டம் கூடும் என்பதும் அப்படியே. வேண்டிய ஆட்டம் இன்னும் நுட்பம்: ஆயிரத்தில் 1 முதல் 6 பங்கு அங்குலம். இரு ஷாப்டுகளுக்கும் நடுவில் ஒரு சிறு முட்டுக்கட்டை இருப்பதால், அது நடுவிலேயே நிற்க இடது வலது ஷிம்களின் மொத்தத் தடிமன் சமமாக இருக்க வேண்டும். சக்கர ஹப் கூம்பில் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு இழுப்பான் வேண்டும். சுத்தியலால் ஷாப்டின் முனையை அடித்தால் நடுவில் உள்ள முட்டுக்கட்டையும் பேரிங்கும் அடி வாங்கும்.

பூட்டிய பிறகு

ஷிம்களை அடுக்கும்போது மெல்லியதை நடுவிலும் தடித்ததை இரு புறமும் வைக்க வேண்டும். மெல்லியது சுருங்காமல் இருக்கும். கழற்றி எடுத்தவற்றை இடது, வலது என்று சீட்டு எழுதிக் கம்பியில் கோத்து ஆணியில் மாட்டிவிட்டால் அடுத்த தடவை தேட வேண்டியதில்லை. எண்ணெய் ஏறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோல் விட்டுக் கழுவி மறுபடி போடுகிறார்கள். அது சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். புதிது போடுவதே சரி, அதுவும் இரு பக்கமும் சேர்த்து. இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது நிற்காது.

எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, பிரேக் உரசாதபடி வைத்து, பாரம் இல்லாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி வந்து இரு பக்கத்து ஹவுசிங் முனையையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒரு பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டால் ஆட்டம் போதவில்லை, பிரித்து 0.05 ஷிம் ஒன்று சேர்க்க வேண்டும். சோம்பலால் அப்படியே சேற்றில் இறக்கினால் பேரிங் நீலம் பாய்ந்து போகும்.

இதெல்லாம் பருவம் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது. நாற்று கையில் இருக்கும்போது ஆக்ஸில் ஒழுகினால், வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதியில் பதிவு செய்து சேறடித்துக்கொண்டு, சொந்த வண்டியை நிதானமாகப் பிரிக்கலாம். சரி செய்த வண்டியானால், கேஜ் வீல் மாட்டி முதல் நாள் சேறடித்த மறுநாள் காலையில் தட்டின் போல்ட்டுகளை எதிர் எதிராக ஒரு முறை முடுக்கிப் பார்த்து, டயரின் உள்பக்கம் எண்ணெய்க் கோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.